'விஸ்' (viz.) என்றால் என்ன, எங்கே போடுவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தாத்தா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). அவர் கைப்பட எழுதிய ஆங்கிலக் கணக்கில் "மூன்று சாமான், விஸ். வாளி, உளி, மங்கு" என்று இருக்கிறது. கோயில் கமிட்டி கடிதத்தில் நானும் இப்படி எழுதலாமா?

பதில் 1: தம்பி, அது வீடேலிசெட் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். கடைசியில் நிற்கும் இசட் உண்மையில் அந்த எழுத்தே இல்லை, அந்தக் காலத்தில் கையால் படியெடுத்தவர்கள் 'எட்' என்ற முடிவுக்குப் போட்ட சுழிதான் பிறகு இசட் ஆகிவிட்டது. வாய்விட்டுப் படிக்கும்போது பெரும்பாலும் நேம்லி (namely, அதாவது) என்பார்கள்.

பதில் 2: முக்கியமானதை விட்டுவிட்டீர்கள் அண்ணா. விஸ் போட்டால் பட்டியல் முழுசாக இருக்க வேண்டும், நம் 'ஆகிய' மாதிரி. வாளி, உளி, மங்கு ஆகிய மூன்றும் என்றால் நான்காவது கிடையாது. 'வாளி, உளி முதலியன' என்றால் இன்னும் உண்டு, அங்கே ஈ.ஜி. (e.g., உதாரணமாக) தான் சரி. மலாயில் இயாயித்து (அதாவது), செப்பெர்த்தி (போன்ற) இரண்டுக்கும் இதே வித்தியாசம். தாத்தா சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கமிட்டி கடிதத்துக்கு நேம்லி போதும், விஸ் இப்போது பலருக்குப் புரியாது.

கேட்டவர்: நன்றி அக்கா. கடிதத்தில் 'ஈ.ஜி.' போட்டு ஐந்து பெயரையும் எழுதியிருந்தேன், இன்றே மாற்றுகிறேன்.