டைட்டானிக் பார்க்கப் போகும் சப்மெர்சிபிள்: டைட்டன் ஏன் நொறுங்கியது, என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முகிலன்78
வணக்கம். 2023 ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டன் சப்மெர்சிபிள் (கப்பலிலிருந்து இறக்கப்படும் சிறிய ஆழ்கடல் கலம்), 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் டைட்டானிக் வரை போய்த் திரும்பிய கலம்தான். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டரைத் தாங்கிய ஹல் (ஆள் உட்காரும் வெளிக்கூடு) பிறகு 3,300 மீட்டர் சொச்சத்திலேயே ஏன் உடைந்தது? விமானத்துக்கே கார்பன் ஃபைபர் போடுகிறார்களே? இன்னொன்று: பயண நிறுவனம் "96 மணி நேர ஆக்சிஜன் இருக்கிறது" என்று சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது?

அலைவாய்
விமானத்தோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல். அங்கே காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, இழைகள் இழுபடுகின்றன. இழுவிசையில் கார்பன் இழை ராஜா. கடலில் நேரெதிர்: 3,800 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 390 கிலோ வெளியிலிருந்து நசுக்குகிறது. அப்போது இழை வளைந்துவிடாமல் பிடித்துவைப்பது ரெசின், அதாவது இழைகளுக்கு இடையே இறுகியிருக்கும் பிசின். ரெசினில் குமிழியோ அடுக்குக்குள் சுருக்கமோ இருந்தால் அந்த இடத்தில் இழை மடங்கும், அடுக்கு பிரியும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் பிரிவு இன்னும் கொஞ்சம் பரவும். அதனால் "போன தடவை தாங்கியதே" என்பது எஃகுக்கு ஓரளவு ஆறுதல், இதற்கு இல்லை.

டைட்டனின் ஹல் சுமார் 127 மி.மீ. தடிமன். அதை ஐந்து அடுக்குகளாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சூடேற்றி இறுக்கினார்கள். நடுவில் எழும்பிய சுருக்கங்களை அரைத்துத் தள்ளினார்கள். அரைத்த இடத்தில் இழை அறுந்துபோகும். அடுக்குகளுக்குள் வெற்றிடங்கள் இருந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். 2022 ஜூலை 15 பயணத்தில் மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த பயணங்களில் ஸ்ட்ரெயின் கேஜ் (ஹல் எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் கருவி) அளவுகளே மாறியிருந்தன. அந்தக் கலத்தை அப்போதே ஓரங்கட்டியிருக்க வேண்டும். அதை விட்டு, கனடாவின் செயின்ட் ஜான்ஸில் குளிர்காலம் முழுக்கத் திறந்தவெளியில் போட்டுவைத்தார்கள். விரிசலுக்குள் நீர் புகுந்து உறைந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வடிவமும் ஒரு காரணம். ஒரே ஆரம், ஒரே தடிமன் என்றால் உருளையின் சுவரில் வரும் தகைவு (சுவரின் பொருள் தாங்க வேண்டிய உள்விசை) கோளத்தைவிட இரண்டு மடங்கு. ஐந்து பேரை உட்காரவைக்க உருளை வசதி, அவ்வளவுதான். போதாததற்கு, இரு முனையிலும் டைட்டானியம் வளையத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அழுத்தத்தில் இரண்டும் ஒரே அளவு சுருங்காது, ஒட்டுதான் மாட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கரணையார்
மேலே சொன்னதோடு இதையும் பாருங்கள். அமெரிக்காவின் ஆல்வின், பிரான்ஸின் நொட்டீல், ரஷ்யாவின் மிர் என்று டைட்டானிக் வரை போன பழைய கலங்களில் ஆள் இருப்பது உலோகக் கோளத்துக்குள்தான். நம் என்.ஐ.ஓ.டி.யின் (தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆழ்கடல் கலமான மத்ஸ்யா 6000-க்கும் அதே வழி: 2.1 மீட்டர் உள்விட்டம், 80 மி.மீ. டைட்டானியம் உலோகக்கலவை, மூன்று பேர். தோராயக் கணக்குப் போட்டால் 6,000 மீட்டரில் சுவரில் வரும் தகைவு 400 மெகாபாஸ்கல் அளவு. இந்த வகை டைட்டானியம் வளைந்துகொடுக்கத் தொடங்குவது 800-க்கு மேலே. இந்தப் பாதுகாப்பு இடைவெளிக்குத்தான் காசு.

பயண நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது கிளாஸ் சான்றிதழ், அதாவது கலங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் வெளி அமைப்பின் சான்று: டிஎன்வி, ஏபிஎஸ், லாயிட்ஸ் மாதிரி ஒரு அமைப்பு இந்தக் கலத்துக்கு, இந்த ஆழத்துக்குக் கொடுத்ததா? டைட்டனுக்கு எந்தச் சான்றும் இல்லை. "எங்கள் தொழில்நுட்பம் விதிகளைவிட முன்னால் போய்விட்டது" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஹல் விரிசல் விடும் ஒலியைக் கேட்டு எச்சரிக்கும் கருவி இருக்கிறது என்பதும் சான்றுக்கு மாற்று ஆகாது. எச்சரிக்கை வந்த பிறகு மேலே வர இரண்டு மணி நேரம் வேண்டும். உடைவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

சோடாலைம்
ஆக்சிஜன் கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு மணிக்கு 25 லிட்டர் என்று வையுங்கள். 5 பேர் × 96 மணி × 25 = 12,000 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் மொத்தம் 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர்கள். பதற்றத்தில் மூச்சு வேகமானால் இது பத்தாது.

ஆனால் ஆளை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு. அதே கணக்கில் சுமார் 9,600 லிட்டர் வெளிவரும். அதை உறிஞ்சும் சோடா லைம் என்ற சுண்ணாம்புக் கலவை, ஒரு கிலோவுக்கு நடைமுறையில் 120 லிட்டர் உறிஞ்சும் என்றால் 80 கிலோ வேண்டும். குளிரில் அதன் வேகமும் குறையும். அடியில் நீர் உறைநிலைக்குச் சற்று மேலேதான். ஆக, "எத்தனை மணி நேர ஆக்சிஜன்" என்று கேட்காதீர்கள், "எத்தனை கிலோ உறிஞ்சி, எத்தனை மின்விசிறி, விசிறிக்குத் தனி பேட்டரி உண்டா" என்று கேளுங்கள். கலத்துக்குள் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம்.

முகிலன்78
நன்றி. மோட்டாரே நின்றுபோனால் மேலே வர வழி?

அலைவாய்
எடையை உதிர்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று வழியாவது இருக்க வேண்டும்: மின்சாரம் போனால் தானே விடும் காந்தம், கையால் இயக்கும் ஹைட்ராலிக், ஆள் மயங்கினாலும் உப்புநீரில் சில மணி நேரத்தில் கரைந்து அறுந்துவிடும் இணைப்பு. எடை போனாலும் சிதைவின் கம்பிகளில் மாட்டினால் பயனில்லை, அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கழற்றிவிட முடிகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக மூடி. டைட்டனின் மூடியை வெளியிலிருந்து 17 போல்ட் போட்டு முடுக்குவார்கள். மேலே மிதந்து வந்தாலும் கப்பல் தேடி வந்து திறந்தால்தான் உண்டு.