செம்பனைத் தோட்டப் பாதையில் கயாக்கை இழுத்துச் செல்ல எந்த வண்டி ஏற்றது?

பெர்ணம்_தூண்டில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் தோட்டத்தை ஒட்டிய பட்டணத்தில் வசிக்கிறேன். மேலே அமர்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் கயாக் ஒன்றை மீன் பிடிப்பதற்காக வாங்கியிருக்கிறேன். அதன் எடை 34 கிலோ. தூண்டில்கள், நங்கூரம், ஐஸ் பெட்டி, பேட்டரி ஆகியவற்றை ஏற்றினால் 50 கிலோவைத் தாண்டிவிடுகிறது. வீட்டிலிருந்து பெர்ணம் ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முதலில் தார்ச் சாலை, அடுத்துச் செம்பனைகளுக்கு நடுவே செம்மண் கொட்டிய பாதை, கடைசியில் வெள்ளத் தடுப்புக் கரையின் மேடு. நீர் வற்றிய வேளையென்றால் சேறும் உண்டு.

கடையில் இரண்டு வகை வண்டிகளைப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றைக் கயாக்கின் நீர் வடியும் துளைகளுக்குள் செருகிவிட்டால் போதும், கட்டவே வேண்டியதில்லை என்கிறார்கள். மற்றொன்று அடிப்புறத்தைத் தாங்கிக்கொள்ளும். வார் போட்டுக் கட்ட வேண்டும். எதை வாங்கலாம்? காற்றடிக்கும் சக்கரம் நல்லதா, திடச் சக்கரம் நல்லதா? அப்பாவின் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் கட்டி மெதுவாக இழுத்துச் செல்லலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நீப்பாக்கரை:

வணக்கம் தம்பி. உங்கள் பாதைக்கு, அடிப்புறத்தைத் தாங்கி வாரால் கட்டும் வண்டியைத்தான் நான் சொல்வேன்.

துளையில் செருகும் வண்டி சமதளத்தில் மிக வசதியானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் துளை என்பது கயாக்கின் மேல்தட்டையும் அடிப்புறத்தையும் இணைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். பாதையின் பள்ளத்தில் சக்கரம் விழும் ஒவ்வொரு முறையும், 50 கிலோவின் அதிர்ச்சி அந்த மெல்லிய சுவரில்தான் இறங்குகிறது. அங்கே விழும் விரிசல் வெளியில் தெரியாது. ஆற்றின் நடுவில் கயாக் கனத்து, உள்ளே நீர் சலசலக்கும்போதுதான் தெரியவரும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கயாக்கில் இப்படித்தான் நேர்ந்தது. கம்பிகளின் இடைவெளி துளைகளுக்குச் சரியாகப் பொருந்தாமல், அவை சாய்வாக நுழைந்திருந்தன. அந்த வகையைத்தான் வாங்குவதென்றால், முதலில் உங்கள் கயாக்கின் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் துளையின் அகலத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எடை துளையின் விளிம்பில் தொங்காமல், வண்டியின் குறுக்குச் சட்டத்தில் அடிப்புறம் முழுதாகப் படிந்து உட்கார வேண்டும்.

தாங்கு வண்டியில் கவனிக்க வேண்டியது வார். ராட்செட் (நெம்பி நெம்பி முறுக்கும் பல்சக்கரப் பூட்டு) வைத்து இறுக்கும் வாரைத் தவிர்த்து, கையால் இழுத்துப் பூட்டும் வாரை வாங்குங்கள். நம் வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும். ராட்செட்டால் முறுக்கினால் அடிப்புறம் குழிந்துவிடும். நைலான் வார் நனைந்தால் நீளும் என்பதால், பாலியெஸ்டர் வார் மேலானது. எதுவாயினும் கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வண்டியின் சட்டத்திலிருந்து கயாக்கின் முன் கைப்பிடிக்கு இன்னொரு கயிறும் கட்டிவிட்டால், சக்கரம் பள்ளத்தில் மாட்டும்போது வண்டி பின்னால் நழுவாது.

வண்டி தாங்கும் எடையாகக் கடையில் எழுதியிருப்பது கரடுமுரடான பாதையை நினைத்து எழுதியதாக இருக்காது. உங்கள் 50 கிலோவுக்கு 80 கிலோவாவது தாங்கும் வண்டியைப் பாருங்கள்.

செம்பனை_நிழல்:

சக்கரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் என் வேலையே தோட்டத்துக்குள்தான்.

குலை வெட்டுகிறவர் முதலில் அதைத் தாங்கி நிற்கும் மட்டையை வெட்டித் தள்ளுகிறார். அந்த மட்டைக் காம்பின் இரு விளிம்பிலும் வரிசையாக முட்கள் உண்டு. காய்ந்தபின் அவை ஆணியைப்போல் இறுகிவிடுகின்றன. மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிவைத்தாலும், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் துண்டுகள் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும். காற்றடிக்கும் சாதாரண டயர் அங்கே பஞ்சராகும் வாய்ப்பு அதிகம். கடற்கரை மணலுக்காகச் செய்யப்படும் பெரிய பலூன் சக்கரமும், மணலில் எவ்வளவு சிறப்பாக ஓடினாலும், இந்த முள்ளுக்கு ஏற்றதன்று. அதற்கு அடிக்க வேண்டிய காற்றும் 2 முதல் 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்கு மிகக் குறைவு. பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயை அதில் வைத்தால் வெடித்துவிடக்கூடும்.

ஆகவே உங்கள் பாதைக்குப் பஞ்சராகாத, நுரை நிரப்பிய சக்கரமே நல்லது. குறுக்களவு பெரிதாக இருக்கட்டும். 10 அங்குலத்துக்குக் குறைந்தால் ஒவ்வொரு மட்டைத் துண்டிலும் முட்டி நிற்கும். கல்லில் கொஞ்சம் குலுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, குலை ஏற்றும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். லாரி வரும்போது ஒதுங்குவதற்கு இடமிராத பாதைகள் அவை.

தெலுக்_இந்தான்_அக்கா:

தம்பி, மோட்டார்சைக்கிளில் கட்ட வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வண்டிகள் நடை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. பலவற்றில் அச்சின்மேல் சுற்றுவது வெறும் பிளாஸ்டிக் வளையம்தான் (புஷ்), உருளும் குண்டுகள் கொண்ட பேரிங் கிடையாது. வண்டிக்கு பிரேக்கும் இல்லை, விளக்கும் இல்லை. அப்பா திடீரென பிரேக் பிடித்தால் 50 கிலோவும் அவர் முதுகை நோக்கி வரும். வளைவில் கயாக்கின் வால் எதிர்ப்பக்கத்துக்கு அகன்று வீசும்.

வண்டியைக் கயாக்கின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் வையுங்கள். முன் கைப்பிடியைத் தூக்கினால் கையில் சில கிலோ மட்டுமே தெரிய வேண்டும். ஐஸ் பெட்டியையும் பேட்டரியையும் பின்புறத்தில் வைத்தால் எடை மாறும். அதற்கேற்ப வண்டியையும் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்பகுதி தானாகவே மேலே எழும்பினால் வண்டி முன்னால் இருக்கிறது என்று பொருள்.

தடுப்புக் கரையின் மேட்டில் ஏறும்போது நீங்கள் முன்னால் இழுக்கலாம். துணைக்கு வருகிறவர் பக்கவாட்டில் நின்று தள்ளட்டும். கயாக்கிற்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. இறங்கும்போது முறையை மாற்றிக்கொள்ளுங்கள். கயாக் முன்னே இறங்கட்டும். நீங்கள் மேட்டுப் பக்கம் நின்று பின் கயிற்றைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அந்தக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கை நழுவினால் கயாக் போகட்டும், நீங்கள் போகக் கூடாது.

விடியலுக்கு முன் புறப்படுவதானால், தார்ச் சாலையில் கயாக்கின் வாலில் சிவப்பு விளக்கும், உங்கள் மேல் ஒளி திருப்பும் சட்டையும் அவசியம். சேற்றில் எந்தச் சக்கரமும் பெரிதாக உதவாது. கடல் ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்து, நீர் ஏறியிருக்கும் வேளையில் இறங்கி, அது வற்றுமுன் கரை திரும்புவதுதான் வழி.

பெர்ணம்_தூண்டில்:

அக்காவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. வாரால் கட்டும் வண்டி, நுரை நிரப்பிய சக்கரம் என்று முடிவு செய்துவிட்டேன். மோட்டார்சைக்கிள் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்வி: நீரில் இறங்கியபின் வண்டியை என்ன செய்வது? கரையில் விட்டுப்போக மனம் வரவில்லை.

நீப்பாக்கரை:

சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மடக்க முடிகிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். மடக்கியதைப் பின் தட்டில் படுக்கைவாக்கில் வைத்துக் கட்டிவிடலாம். உயரமாக நிற்கவைத்தால் கயாக் தள்ளாடும், தூண்டில் நரம்பும் சிக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் அச்சாணிகள் மிகச் சிறியவை. சேற்றில் விழுந்தால் கிடைக்காது. அவற்றை நூலால் சட்டத்தோடு கட்டிவையுங்கள், மாற்று அச்சாணி இரண்டையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி ஆற்றில் உப்புநீர் ஏறும் என்பதால், வீடு திரும்பியதும் அச்சையும் சக்கரத் துளையையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அலுமினியச் சட்டமானாலும் அதிலுள்ள இரும்புத் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும்.