ஓய்வு பெறப்போகும் ஆர்க்கிடெக்ட்டின் அனுபவத்தை எப்படிப் பதிவது?

வணக்கம் நண்பர்களே. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் குழுவில், அதாவது நிறுவனத்தின் மென்பொருள் சிஸ்டங்கள் எப்படி அமைய வேண்டும் என்று திட்டமிடும் குழுவில், இருக்கிறேன். எந்த சிஸ்டம் எதனுடன் இணைந்திருக்கிறது என்ற வரைபடமெல்லாம் ஆர்க்கிமேட்டில் (இத்தகைய வரைபடங்களுக்கான குறியீட்டு மொழி) பக்காவாக இருக்கிறது. ஏன் அப்படி இணைத்தார்கள் என்பதுதான் எங்குமே இல்லை. பாலிசி சிஸ்டத்திலிருந்து பிரீமியம் விவரம் ஏன் இன்னமும் ராத்திரி பேட்ச் ஃபைலாகவே (மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் கோப்பு) போகிறது, சிஸ்டங்கள் உடனுக்குடன் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏபிஐ ஏன் வைக்கவில்லை? கேட்டால் எல்லோரும் ஒரே மூத்தவரைக் கைகாட்டுகிறார்கள். அவர் சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறார்.

மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-ல் முன்வைத்த ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் முடிவுகளின் பதிவு) முறையில், சூழல், முடிவு, விளைவு என்று சுருக்கமாகப் புதிய முடிவுகளை எழுதத் தொடங்கிவிட்டோம். அதில் பிரச்சினை இல்லை. பழைய முடிவுகள்தான் சிக்கல். அந்த மூத்தவரிடம் எழுதித் தாருங்கள் என்றால், "நேரம் கிடைக்கட்டும் தம்பி, பார்க்கலாம்" என்கிறார். அவர் வேலைப்பளுவுக்கு அது நியாயம்தான்.

அறிவு மேலாண்மையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இப்படிப்பட்டவர்களிடம் பேட்டி எடுத்து, வரைபடத்தின் ஒவ்வொரு இணைப்போடும் அந்தக் குறிப்பைச் சேர்த்திருக்கிறீர்களா? எப்படிக் கேட்டால் விவரமாகப் பேசுகிறார்கள்? பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வழிகளையும் பதிந்தீர்களா? டூல் பரிந்துரை மட்டும் வேண்டாம், அது எங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.