உணவுப் பாதுகாப்பு விதி மாறும்போதெல்லாம் கோப்புகளையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

மையச்சமையல்:
நடுத்தர அளவு மையச் சமையற்கூடம். சமைத்து, குளிரவைத்து, வெளியே அனுப்புகிறோம். ஹெச்.ஏ.சி.சி.பி. (உணவில் வரக்கூடிய அபாயங்களைக் கண்டறிந்து, முக்கியப் புள்ளிகளில் கட்டுப்படுத்தும் முறை) கோப்பு 2018-ல் எழுதியது. இப்போது சரக்கு வாங்குபவர்கள் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுகிறார்கள்: ஒவ்வாமைப் பொருள் கட்டுப்பாடு, 'உணவுப் பாதுகாப்புப் பண்பாடு' (எல்லோரும் பாதுகாப்பைப் பழக்கமாகவே கடைப்பிடிப்பது), சில மணி நேரத்தில் சரக்கின் தடம் காட்டு என்று. ஒவ்வொன்றுக்கும் புதுப் படிவம் சேர்த்துச் சேர்த்துக் கோப்பு தடித்துவிட்டது. வேலை செய்பவர்கள் அதைத் திறப்பதே இல்லை. எதை மாற்றுவது, எதை விடுவது?

தரக்கட்டுப்பாடு:
முதலில் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் உணவுச் சுகாதாரப் பொதுக் கோட்பாடுகளைப் பாருங்கள். 1969-ல் வந்தது, 2020-ல் பெரிதாகத் திருத்தினார்கள். பண்பாடு, நிர்வாகத்தின் பொறுப்பு எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. ஒவ்வாமைப் பொருளுக்கும் அதே ஆண்டு தனி நெறிமுறை வந்தது. உங்கள் கைக்கு வரும் பட்டியல்களில் பாதிக்கு வேர் அங்கேதான்.

அந்தத் திருத்தத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. சாதாரணச் சுத்தம், முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி (தவறினால் உணவே ஆபத்தாகிவிடும் கட்டம்) என்ற இரண்டுக்கும் நடுவே 'கூடுதல் கவனம் வேண்டிய சுகாதார நடைமுறை' என்று ஒரு படி இருக்கிறது. வெட்டும் இயந்திரத்தைக் கழுவுவது போன்றவை அங்கே போகலாம். பழைய கோப்பில் கண்டதையெல்லாம் கட்டுப்பாட்டுப் புள்ளி ஆக்கியிருப்பார்கள்; அவற்றை இறக்கினாலே பாதிப் படிவம் குறையும்.

பிறகு ஒரே ஒரு மாற்றப் பதிவேடு. என்ன மாறியது, எந்த அபாயத்தைத் தொடுகிறது, தளத்தில் யார் கையில் எந்த வேலை மாறுகிறது, எந்தத் தேதிக்குள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் புதுப் படிவம் போடாதீர்கள். விதி மாறும்போது மட்டுமல்ல. மூலப்பொருள், இயந்திரம், சமையல் அளவு, சரக்கு தருபவர் என்று எது மாறினாலும் இதில் ஒரு வரி ஏற வேண்டும். ஐ.எஸ்.ஓ. 22000 (உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரம்) சான்று வைத்திருந்தால், 2024-ல் சேர்ந்த பருவநிலை மாற்றம் பற்றிய திருத்தத்துக்கும் ஒரு வரி.

லேபிள்பார்வை:
மேலே சொன்னதில் 'மூலப்பொருள்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். ஒவ்வாமையில் பெரும்பாலும் கோட்டைவிடுவது அங்கேதான். அதே நிறுவனம், அதே பாக்கெட், ஆனால் உள்ளடக்கப் பட்டியலில் ஒரு பொருள் கூடியிருக்கும். சரக்கு இறங்கும்போது எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர் லேபிளைப் படிப்பதில்லை. ஒப்புதல் கொடுத்த லேபிளின் படத்தை இறக்குமிடத்தில் ஒட்டி, ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கிருமிநாசினி அடித்தால் ஒவ்வாமைப் புரதம் போகாது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி அலசினால்தான் போகும். பொரிக்கும் எண்ணெயின் சூட்டையும் நம்ப வேண்டாம். ஒவ்வாமைப் பொருள் இல்லாத தயாரிப்பை நாளின் முதலில் முடியுங்கள். கழுவியதைச் சோதிக்க, அந்தந்தப் பொருளுக்கான புரதச் சோதனைக் குச்சி வேண்டும், ஏ.டி.பி. சோதனை பொதுவான அழுக்கை மட்டும் காட்டும். எல்லாப் பாக்கெட்டிலும் 'ஒவ்வாமைப் பொருள் இருக்கலாம்' என்று அச்சடித்துத் தப்பிப்பதைக் கட்டுப்பாடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குளிர்சங்கிலி:
சமைத்துக் குளிரவைக்கிறீர்கள் என்றால், பண்பாடு எப்படி இருக்கிறது என்பதைக் குளிரூட்டல் பதிவேடே சொல்லிவிடும். எல்லா நாளும் 4.0, 4.0 என்று இருந்தால், அது கருவியைப் பார்த்து எழுதியதல்ல.

அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பான ஃபுட் கோடின் அளவு: 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில், 5-க்கு மொத்தம் 6 மணி நேரத்தில். முதல் பாதி கடுமையாக இருப்பதற்குக் காரணம், சமையலில் சாகாத கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்தச் சூட்டில்தான் முளைத்து மடமடவென்று பெருகும். ஆழமான அண்டாவை அப்படியே குளிரறையில் தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். பக்கத்தில் இருப்பதும் சூடேறும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி, ஆறும்வரை இறுக மூடாமல், தட்டுகளுக்கு நடுவே காற்றோட விடுங்கள். அளப்பது நடுவில், ஓரத்தில் அல்ல.

வெப்பமானியையும் சோதியுங்கள். பொடித்த பனிக்கட்டியில் இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனை பாத்திரத்தைத் தொடாமல் வையுங்கள். 0 காட்ட வேண்டும்; 1 டிகிரிக்கு மேல் விலகினால் ஒதுக்கிவிடுங்கள்.

மையச்சமையல்:
நன்றி. தடம் காட்டும் சோதனையை எப்படி நடத்துவது? முன்கூட்டியே சொல்லிச் செய்தால் எல்லாம் சரியாகவே வருகிறது.

தரக்கட்டுப்பாடு:
சொல்லாமல் செய்யுங்கள், அதுவும் கோப்பைப் பராமரிப்பவர் விடுப்பில் இருக்கும் நாளில். அனுப்பிய ஒரு பொருளை எடுத்து அதன் மூலப்பொருள் தொகுதி எண்களுக்குப் பின்னோக்கிப் போங்கள். பிறகு அதில் ஒரு தொகுதியை எடுத்து, அது எந்தெந்தத் தயாரிப்பில் சேர்ந்தது, யாருக்குப் போனது என்று முன்னோக்கி வாருங்கள். கடைசியில் எடைக் கணக்கு. 50 கிலோ வந்திருந்தால், பயன்படுத்தியது, கழிவு, இருப்பு மூன்றையும் கூட்டினால் 50-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் இரண்டு இடம்தான்: மிச்சத்தை மறுநாள் தயாரிப்பில் சேர்த்தது எழுதப்பட்டிருக்காது, அல்லது மசாலாவை டப்பாவில் கொட்டும்போது பழைய தொகுதியின் மேலேயே புதியதைக் கொட்டியிருப்பார்கள்.