கிரானோலாவா, கூழா? காலையில் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது

மஞ்சக்குப்பத்தாள்:
ஓட்ஸும் பருப்புகளும் இனிப்பும் கலந்து மொறுமொறுவென்று சுட்டதுதான் கிரானோலா. கடையில் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்ஸுக்கு அடுத்தே சர்க்கரை. அன்றிலிருந்து வீட்டில்தான் செய்கிறேன். பெரியவள் ஆறே முக்காலுக்கு வேன் ஏற வேண்டும். இட்லி வைத்தால் தட்டில் அப்படியே கிடக்கும். பாலில் இதைப் போட்டுக் கொடுத்தால் கிண்ணம் காலி.

அளவு: தட்டை ஓட்ஸ் 300 கிராம், பண்ருட்டி முந்திரி 60, வேர்க்கடலை 50, எள் 20, தேங்காய் எண்ணெய் 45, வெல்லம் 80. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, எண்ணெய் சேர்த்துப் பிசிறுங்கள். ஓவனில் 150 டிகிரி, 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறல். உலர்திராட்சையைக் கடைசியில் ஆறிய பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். உடனே வேகும் ஓட்ஸ் வேண்டாம், தூளாகிவிடும்.

கூழ்ப்பானை:
சகோதரி, உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஆரோக்கிய உணவு என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அளவையே கூட்டிப் பார்த்தேன்: 100 கிராமுக்கு ஏறக்குறைய 470 கலோரி வருகிறது. ராத்திரி புளிக்க வைத்த கேழ்வரகு மாவைக் காய்ச்சி, காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டு குடித்தால் பசி பகல் வரை தாங்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். குளிர்தேசப் பயிரை வாங்கி, எண்ணெயும் வெல்லமும் ஊற்றி, கரண்ட் செலவழித்துச் சுட வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தாள்:
ஐயா, ஒரு கிண்ணத்துக்கு நான் போடுவது 50 கிராம். அதில் வெல்லம் 7 கிராம்தான். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பாலோடு சேர்த்து 350 கலோரி அதிகமா? ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது. தினமும் 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது நிரூபணமான விஷயம். என் மாமனாருக்காகவும்தான் செய்கிறேன்.

கூழ்ப்பானை:
50 கிராம் என்று நிறுத்துப் போடுவது நீங்கள். டப்பாவைத் திறந்து மிக்சர் மாதிரி கை கையாக அள்ளுவது பிள்ளைகள். என் பேரன் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். 1863 வாக்கில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் இதை 'கிரானுலா' என்று நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அது வெறும் முழுக்கோதுமை மாவு, சுட்டு உடைத்தது. ராத்திரியே ஊறவைக்காவிட்டால் பல் இறங்காது. நம் பழையது மாதிரிதான். எண்ணெயும் இனிப்பும் பின்னால் வந்து சேர்ந்தவை.

புதுவைக் கடற்காற்று:
அக்கா, நான் முத்தியால்பேட்டை. ஐப்பசி மழையில் செய்தேன், மூன்றாம் நாள் நமுத்துப்போய்விட்டது. சூடாக எடுத்தபோதும் மெத்தென்றுதான் இருந்தது. வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப வைத்தேன், அடி கருகிவிட்டது.

மஞ்சக்குப்பத்தாள்:
தம்பி, எல்லாரும் தவறுவது அங்கேதான். சூட்டில் அது மெத்தென்றுதான் இருக்கும். ஓரம் பொன்னிறமாகி, முந்திரி வறுபட்ட வாசனை வந்ததும் எடுத்துவிடுங்கள். தட்டில் கரண்டியால் அழுத்திப் பரப்பி, ஒரு மணி நேரம் தொடாதீர்கள். ஆறிய பிறகு கிளறினால் கலகலவென்று சத்தம் கேட்கும். கட்டி கட்டியாக உடையும். இளஞ்சூட்டில் மூடினால் மூடிக்குள் வேர்க்கும், அதோடு போச்சு. வெல்லம் ஈரத்தை இழுக்கும். அதனால் மழைக்காலத்தில் பாதி அளவு செய்து, சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் போடுங்கள். நமுத்தால் 120 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும்.

பண்ருட்டிக்காரன்:
எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. இரும்புச் சட்டியில் சிறு தீயில் செய்கிறோம். ஓட்ஸுக்குப் பதில் சிவப்பு அவலும் கம்பு அவலும். முதலில் வெறும் அவலை நொறுங்கும் வரை வறுக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு நிற்க வேண்டும். பொரி உருண்டைக்குப் பார்க்கும் அதே பதம். அப்புறம் கொட்டிக் கிளறி இறக்கிவிடலாம். முந்திரி மட்டும் முழுசாக வேண்டாம், உடைத்த பருப்பு விலையும் குறைவு, ருசியும் அதேதான். கூழ் ஐயா சொல்வதில் பாதி எனக்குச் சரி. ஓட்ஸைக் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம்.

கூழ்ப்பானை:
கம்பு அவல் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெல்லத்தை 80-லிருந்து 40 ஆக்குங்கள், இனிப்புக்கு அந்தத் திராட்சையே போதும். அதுவும் காலை உணவாக வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாள் கூழ். என் கருத்தில் நான் மாறவில்லை.

மஞ்சக்குப்பத்தாள்:
40 வைத்தால் கட்டி பிடிக்காது ஐயா, உதிரியாகத்தான் வரும். பாலில் போட உதிரியே போதும் என்றால் சரி, இந்த ஞாயிறு 40-இல் செய்கிறேன். பிள்ளைகள் வேண்டாம் என்றால் 60-க்கு ஏற்றுவேன், 80-க்குத் திரும்ப மாட்டேன். கூழுக்கு என் சின்னவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மோரில் புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

கூழ்ப்பானை:
சின்னப் பிள்ளைக்குப் புளித்த மோர் வேண்டாம், அன்று காலை உறைந்த தயிரைக் கடைந்து ஊற்றுங்கள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி உள்ளேயே போட்டுவிடுங்கள். முதல் நாள் அரை டம்ளர் கொடுங்கள், போதும்.