வைப்பர் மெதுவாகி நடுக்கண்ணாடியில் நின்றுவிடுகிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கொட்டிவாக்கம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 9 ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடற்கரை. வண்டி இரவு பகலாக நிற்பது வாசலில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தடியில். சென்ற ஆண்டு மழைக்காலத்திலேயே வைப்பர் சற்றுச் சோம்பலாக ஓடியது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற சனிக்கிழமை இரவு பள்ளிக்கரணை அருகே கனமழையில் வந்துகொண்டிருந்தபோது, வைப்பர் மெல்ல மெல்லத் தளர்ந்து, கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. எதிரில் வரும் விளக்குகள் மட்டுமே தெரிந்த நிலையில், பின்னால் மனைவியும் குழந்தையும் அமர்ந்திருக்க, எப்படியோ ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துச் சுவிட்சைப் போட்டால் மீண்டும் ஓடுகிறது!

பிளேடுகளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மெக்கானிக் ஒருவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேறெதையும் திறந்து பார்க்காமல், மோட்டார் போய்விட்டது, 4,800 ரூபாய் ஆகும் என்றார். வடகிழக்குப் பருவமழை முடிய இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. மோட்டாரை மாற்றுவதற்கு முன் நானே செய்து பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய ஸ்பேனர்:

வணக்கம் நண்பரே. நின்றுபோன வைப்பர் பத்து நிமிடத்தில் தானாக ஓடியது என்பதுதான் நீங்கள் எழுதியதில் முக்கியமான செய்தி. பல வைப்பர் மோட்டார்களில், அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கும் சிறிய பாதுகாப்பு அமைப்பு உள்ளேயே இருக்கும். மோட்டார் சூடாகிறது என்றால், அது தன் சக்திக்கு மேற்பட்ட சுமையை இழுக்கிறது என்றே நான் முதலில் ஐயப்படுவேன். கடலோரத்தில் நிற்கும் வண்டியில் அந்தச் சுமை பெரும்பாலும் வைப்பர் கை பொருந்தியிருக்கும் ஸ்பிண்டிலில்தான் இருக்கிறது. எஃகுத் தண்டு அலுமினியக் கூட்டுக்குள் சுழல்கிறது. உப்புக் காற்றும் மழைநீரும் இறங்கி, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்துபோனால் தண்டில் துருவும் கூட்டில் வெண்பொடியும் படிந்து இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. மரத்தடியில் நிறுத்துவதால், கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். வைப்பர் ஓய்ந்து நிற்கும் இடத்தில், பிளேடின் ஓரமாகக் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பிறகு வைப்பர் கைகளின் அடியில் உள்ள நட்டைத் தளர்த்துங்கள்; கை இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள், துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, இடமும் வலமுமாக அசைத்தால் வந்துவிடும். இரண்டு கைகளையும் கழற்றியபின் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். ஸ்பிண்டில்கள் விறுவிறுவென்று ஆடினால் குறை கண்ணாடியிலோ பிளேடிலோ இருக்கிறது. அப்போதும் மெதுவாகவே ஆடினால், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, மோட்டாரின் சிறு கையோடு இணைந்திருக்கும் லிங்கேஜின் (மோட்டாரின் அசைவை ஸ்பிண்டில்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பிகள்) குமிழ் இணைப்பைப் பெரிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விடுவியுங்கள். மோட்டார் தண்டின் நட்டைத் தொடாதீர்கள். அதைக் கழற்றினால் வைப்பர் ஓய்ந்து நிற்கும் இடம் மாறிப்போகும்.

இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு இணங்கிச் சுழல வேண்டும். குறடு வைத்துத்தான் திருப்ப முடிகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

ஸ்பிண்டிலின் மேல் முனையில் சர்கிளிப் (தண்டை நழுவாமல் பிடிக்கும் சிறு எஃகு வளையம்) இருந்தால் அதை எடுத்து, வாஷர்களையும் ரப்பர் வளையத்தையும் வரிசை மாறாமல் ஒரு தாளில் வையுங்கள். நட்டை மரையின் நுனி வரை திருகி வைத்து, அதன்மேல் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் தண்டு கீழே இறங்கும். துருவை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, லித்தியம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள். அது இறுக்கத்தை விடுவிக்குமே தவிர, இரண்டு மழை தாங்காது. சில வண்டிகளில் தண்டைக் கழற்றவே முடியாதபடி அமைத்திருப்பார்கள். அப்படியானால் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் பல முறை ஆட்டி, இளகியபின் கிரீஸ் ஏற்றலாம். அதற்கும் இணங்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள வாகன உதிரிபாகக் கடைகளில் லிங்கேஜை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டர்:

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். லிங்கேஜை விடுவித்தபின் பேட்டரி வயரை மீண்டும் மாட்டி, மோட்டாரைத் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது. தனியாகவும் மெதுவாக ஓடினால், உடனே மோட்டாரைக் குறை சொல்லாமல், அது ஓடிக்கொண்டிருக்கையில் அதன் இணைப்பில் வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரி முனைகளில் கிடைப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், வயரிங்கில், குறிப்பாக எர்த் வயர் பாடியில் சேருமிடத்தில், துரு இருக்கக்கூடும். வோல்டேஜ் சரியாக இருந்தும் மோட்டார் தளர்ந்தால்தான் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும்; அதையும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாற்றித் தருவார்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள். இறுகிய லிங்கேஜோடு அப்படிச் செய்தால் வயர் எரியும்.

கொட்டிவாக்கம் வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதற்கே போனது. மூடிக்குள்ளிருந்து ஒரு முறம் சருகு எடுத்தேன். நீர் வடியும் துளையும் அதனால் அடைபட்டிருந்தது. ஓட்டுநர் பக்க ஸ்பிண்டில் ஒரு விரலுக்கே சுழன்றது. இடப்பக்கத்து ஸ்பிண்டில் அசையவே இல்லை. தண்டை இறக்கியபோது, அதன் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குச் செந்துரு திட்டாகப் பற்றியிருந்தது. பழைய கிரீஸ் மெழுகுபோல் கறுத்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நீங்கள் சொன்னபடியே தேய்த்து, கிரீஸ் இட்டு மாட்டினேன். அன்று மாலை பெய்த மழையில் வேளச்சேரி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறைகூடத் தயங்கவில்லை. மோட்டார் பழையதுதான்.

ஒரே ஒரு குறை. இடப்பக்கப் பிளேடு ஓய்ந்து நிற்கும்போது டேப் அடையாளத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது.

பழைய ஸ்பேனர்:

மிக்க மகிழ்ச்சி. கை, ஸ்பிண்டிலின் பற்களில் ஒன்றிரண்டு தள்ளி அமர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. வைப்பரை ஒரு முறை ஓடவிட்டுத் தானாக ஓய்ந்து நிற்கச் செய்து, அந்த நட்டைக் கழற்றி, பிளேடை டேப் அடையாளத்தின்மேல் வைத்துக் கையைப் பொருத்தி நட்டை இறுக்குங்கள். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிய பிறகே ஓட்டிப் பாருங்கள்.