69 இலட்சம் வாக்கு வாங்கிய இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச 32 மாதத்தில் விழுந்தது எப்படி?

கேள்வி – வன்னியன்:
2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 6,924,255 வாக்கு, 52.25 வீதம். 2020 ஓகஸ்ட் பொதுத்தேர்தலில் அவருடைய மொட்டுக் கட்சிக்கு (பொதுஜன பெரமுன) 145 ஆசனம். அதே ஆண்டு ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டும் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்கோடு நிறைவேறியது. இவ்வளவு பலம் இருந்தவர் 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடியதற்கு இரசாயனப் பசளைத் தடைதான் காரணம் என்கிறார்கள். அது மட்டும்தானா? நாடாளுமன்றம் ஏன் குற்றப்பிரேரணையால் (பதவிநீக்கத் தீர்மானம்) நீக்கவில்லை?

பதில் – கணக்குப்பிள்ளை:
பசளைக்கு ஒன்றரை வருடம் முன்னரே சரிவு தொடங்கிவிட்டது. 2019 டிசம்பரில் வற் வரியை (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள். அதைவிட மோசமானது பதிவு எல்லை. ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாய் தாண்டினால் வற் என்றிருந்ததை 300 மில்லியனாக உயர்த்தியதும் பெருந்தொகை வியாபாரிகள் வரி வலையிலிருந்தே விலகிப்போனார்கள். வருமானம் விழுந்தது, கொரோனாவும் வந்தது. 2020 இறுதிக்குள் மூன்று பெரிய சர்வதேச கடன் தரப்படுத்தல் நிறுவனங்களும் நாட்டின் தரத்தைக் குறைத்தன. அதோடு வெளிச்சந்தையில் புதுக் கடன் எடுத்துப் பழைய கடனைக் கட்டும் வழி அடைபட்டது.

அந்த நேரமே சர்வதேச நாணய நிதியத்திடம் போய்க் கடனை மறுசீரமைத்திருக்க வேண்டும். போகாமல் நாட்டின் டொலர் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர். 2021 இறுதியில் 3.1. அதிலும் ஏறக்குறைய பாதி, நினைத்தபடி செலவழிக்க முடியாத சீனாவுடனான நாணயப் பரிமாற்று ஏற்பாட்டில் கிடைத்த யுவான். அப்படியிருந்தும் 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் முறிக்கு (கடன் பத்திரம்) காசு கட்டப்பட்டது. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் போயிருக்க வேண்டிய காசு அது.

டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்ததும் பெரும் பிழை. வெளியே கூட விலை கிடைத்ததால் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு உண்டியலில் (தனியார் வழியாகப் பணம் அனுப்பும் முறை) அனுப்பினார்கள். வங்கி வழி வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன், 2021இல் 5.5. 2022 மார்ச்சில் கட்டுப்பாட்டை விட்டதும் ரூபாய் ஒரேயடியாகச் சரிந்தது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தினார்கள்.

பதில் – வயலூரான்:
மேலே சொன்னது சரி. ஆனால் கிராமத்து வாக்கு கை நழுவியது பசளையால்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் 2 வீதம் என்று வைத்தாலும் அதே அளவுக்கு 1,150 கிலோ கொட்ட வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். மட்டம் வெடிக்கும் (பக்கக் கிளை விடும்) பருவத்தில் நெல்லுக்கு உடனே தேவை. நவம்பர் கடைசியில் தடையை நீக்கியபோது பெரும்போக (மாரிக்கால நெற்செய்கை) விதைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. பசளையும் நாட்டில் இல்லை. அடி அடுத்த அறுவடையில் விழுந்தது.

பதில் – சட்டக்கோப்பு:
குற்றப்பிரேரணை பற்றி: அரசியலமைப்பின் 38(2) மிகக் கடினமான பாதை. பிரேரணையில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒப்பமிட வேண்டும். பாதிப் பேர் மட்டும் ஒப்பமிட்டால் விசாரணைக்குரியது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு 225இல் 150 வாக்கோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றம் குற்றம் கண்டால் நீக்குவதற்கு மறுபடி 150. எதிர்க்கட்சிகளிடம் அதில் பாதிகூட உறுதியாக இல்லை. 2022 மே 17 அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் ஜனாதிபதிக்கு எதிராகக் கொண்டுவந்த அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்கலாமா என்ற வாக்கெடுப்பே 68க்கு 119 என்று தோற்றது.

ஆகவே மிஞ்சியது அவரே விலகுவது. மார்ச் 31 மிரிஹானவில் அவர் வீட்டின் முன் ஆர்ப்பாட்டம், ஏப்ரல் 9 முதல் கொழும்புக் காலிமுகத்திடலில் போராட்டம், மே 9 அண்ணனும் பிரதமருமான மகிந்தவின் பதவி விலகல், ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தது என்று நெருக்கடி படிப்படியாக ஏறியது. 20ஆவது திருத்தம் எல்லா அதிகாரத்தையும் அவரிடமே குவித்திருந்ததால் பழியைப் பிரதமர் மேலோ அமைச்சரவை மேலோ இறக்கிவைக்க இடமே இருக்கவில்லை. என் பார்வையில் அவரை வீழ்த்தியதில் அந்தத் திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வன்னியன்:
நன்றி. பிறகு ஏன் மக்கள் வாக்களிக்கும் தேர்தல் இல்லாமல் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக வந்தார்?

சட்டக்கோப்பு:
ஜனாதிபதி இடைநடுவில் விலகினால் 40ஆவது உறுப்புரைப்படி மிச்சக் காலத்துக்கு நாடாளுமன்றம் இரகசிய வாக்கால் ஒருவரைத் தெரிவுசெய்யும். பிரேமதாச கொல்லப்பட்டபின் 1993இல் விஜேதுங்க வந்ததும் இப்படித்தான். ஜூலை 14 சிங்கப்பூரிலிருந்து வந்த விலகல் கடிதத்தைச் சபாநாயகர் மறுநாள் அறிவித்தார். 20ஆம் திகதி வாக்கெடுப்பு: ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. அந்த 134இல் பெரும்பாலானவை மொட்டுக் கட்சியின் வாக்குகள்.